பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே: குறைந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவும் நாய்ஸும்

பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2018 ஏப்ரலில் அறிவித்த பாக்கெட் சினிமா கேமரா 4கே பற்றிக் குறும்படம் எடுப்பவர்களிடம் கேட்டால், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பதில்கள் கிடைக்கும். இந்த விலைக்கு இப்படியொரு படம் வேறெதிலும் வராது என்பார் ஒருவர். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், கிரெயின்ஸ் (நாய்ஸ் எனப்படும் புள்ளிப்புள்ளியான துகள்) அடித்துவிடும் என்பார் இன்னொருவர். இருவரிடமும் இருப்பது ஒரே கேமராதான், ஒரே சென்சார்தான். ஒளிக்கான உணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை எந்த எண்ணில் நிறுத்தினார்கள், அந்த எண்ணுக்குப் போதுமான வெளிச்சத்தைக் கொடுத்தார்களா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் இருக்கிறது. எனவே இந்தக் கேமராவின் ஒலிப்பதிவு, எடை, பிடிமானம் ஆகியவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, குறைந்த வெளிச்சத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது, நாய்ஸ் வந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது ஃபோர் தேர்ட்ஸ் அளவுள்ள சென்சார்; அதன் அகலம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 4096 × 2160 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை பதிவு செய்யலாம். புரோரெஸ், சென்சார் பார்த்ததை ஏறத்தாழ அப்படியே வைக்கும் பிளாக்மேஜிக் ரா என்ற இரண்டு வடிவங்களிலும் பதிவாகும். லென்ஸ் மவுண்ட் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். அறிமுக விலை 1,295 அமெரிக்க டாலர். உடலுக்குள் ஆட்டம் தணிக்கும் ஏற்பாடு இல்லை, தொடர் ஆட்டோஃபோகஸ் இல்லை, உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் உள்ளமைந்த என்டி ஃபில்டரும் இல்லை. கடைசியாகச் சொன்ன குறைக்கு நாய்ஸோடு நேரடித் தொடர்பு உண்டு என்பதால் பிறகு அதற்கு வருகிறேன்.

ஐஎஸ்ஓ 100 முதல் 25,600 வரை கிடைக்கிறது. இந்த வரிசையைப் பார்க்கிற எவரும் ஒரு ஃபோட்டோ கேமராவில் பழகிய பழக்கத்தில், எண் ஏற ஏற நாய்ஸும் படிப்படியாக ஏறும் என்றுதான் நினைப்பார்கள். இந்தக் கேமராவில் அப்படி இல்லை. சென்சாரிலிருந்து சிக்னலைப் படித்தெடுப்பதற்கு இரண்டு தனித்தனிப் பெருக்க நிலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு அடிப்படை ஐஎஸ்ஓ 400, மற்றொன்றுக்கு 3200. திரையில் 100 முதல் 1000 வரை எதைத் தேர்ந்தாலும் முதல் நிலைதான் வேலை செய்யும். 1250 முதல் 25,600 வரை எதைத் தேர்ந்தாலும் இரண்டாவது நிலை. இரண்டும் மாறும் இடத்தில் கேமரா எந்த அறிவிப்பும் தருவதில்லை. விரலால் ஒரு எண் தள்ளினால் போதும், உள்ளே வேறொரு பாதைக்குப் போய்விடுகிறது.

இதனால் நடைமுறையில் விளைவது என்னவென்றால், ஐஎஸ்ஓ 1000-ஐவிட 1250 சுத்தமாக இருக்கும். கேட்பதற்கு விந்தையாகத் தோன்றினாலும் காரணம் எளிது. 1000 என்பது 400-க்கு உரிய சிக்னலை ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலாக (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) ஏற்றிக் காட்டுவது. ஏற்றும்போது சிக்னலோடு சேர்ந்து சர்க்யூட்டின் சொந்த நாய்ஸும் ஏறுகிறது. 1250 என்பதோ 3200-க்காக வடிவமைத்த, நாய்ஸ் குறைவாகப் படித்தெடுக்கும் பாதையில், அதே அளவு கீழே இறக்கி வைத்த நிலை. இருட்டான காட்சிகளில் 800, 1000 என்ற எண்களில் நின்றுகொண்டு, எண் சிறியது, ஆகவே பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் ஏராளம். இந்தக் கேமராவின் மேல் விழுகிற நாய்ஸ் புகார்களில் கணிசமானவை இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கறுப்புப் பட்டுத் துணி ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். லென்ஸ் திறப்பான அப்பெர்ச்சரையும் ஷட்டரையும் மாற்றாமல், ஐஎஸ்ஓ 1000-இல் சில நொடிகளும் 1250-இல் சில நொடிகளும் பதிவு செய்து, கணினியில் பட்டின் மடிப்புகளை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். 1000-இல் மடிப்பின் நிழல் பகுதியில் சிவப்பும் நீலமுமான புள்ளிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். துணியின் நெசவு அவற்றுக்கு அடியில் மறைந்துவிடும். 1250-இல் புள்ளிகள் சிறுத்து, நிறம் குன்றி, பெரும்பாலும் வெறும் சாம்பல் துகளாக மாறியிருக்கும். நெசவின் கோடு ஓரளவு தெரியும். வெளிச்சத்தைக் கூட்டவில்லை, லென்ஸை மாற்றவில்லை, ஒரு எண்ணை மட்டும்தான் நகர்த்தினோம்.

ஆனால் அதே படத்தில் விளக்கின் சுடரையும் பார்க்க வேண்டும். 1000-இல் சுடரின் நடுவே மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போகிற படிநிலை தெரியும். 1250-இல் அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிட வாய்ப்பு அதிகம். 400-க்கு மேலே ஏற்றும்போது, நடுச்சாம்பலுக்கு (சராசரி வெளிச்ச அளவுக்கு) மேலே ஹைலைட்டுக்கு, அதாவது மிகப் பிரகாசமான பகுதிக்கு, கிடைக்கும் இடம் கூடுகிறது, நிழலுக்கான இடம் குறைகிறது. 3200-க்குக் கீழே இறக்கும்போது நேர்மாறாக நடக்கிறது. ஆக, 1000-லிருந்து 1250-க்குத் தாவும் அந்த ஒரு அடியில், ஹைலைட்டுக்கான இடம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் சுருங்கிவிடுகிறது. கேமரா பிடிக்கிற 13 ஸ்டாப் என்ற மொத்த அளவு அந்த எண்களுக்கு இடையே பெரிதாக மாறுவதில்லை. அதை நிழலுக்கு எவ்வளவு, ஒளிக்கு எவ்வளவு என்று எப்படிப் பங்கு போடுகிறோம் என்பதைத்தான் ஐஎஸ்ஓ தீர்மானிக்கிறது. சுடர் முக்கியமா, பட்டு முக்கியமா என்பதை ஒளிப்பதிவாளர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கேமரா எடுத்துக்கொள்ளாது. ஷட்டரையும் ஐரிஸையும் (லென்ஸ் திறப்பையும்) தானாக மாற்றும் வசதியைக் கொடுத்தவர்கள், ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கி ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பதிவு வடிவத்தைப் பொறுத்தும் இந்த எண்ணின் பொருள் மாறுகிறது. புரோரெஸில் பதிவு செய்தால் தேர்ந்தெடுத்த ஐஎஸ்ஓ படத்திலேயே பதிந்துவிடும், பிறகு கழற்ற முடியாது. பிளாக்மேஜிக் ராவில் அது ஒரு குறிப்பாக மட்டுமே கோப்போடு வருகிறது. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் கேமரா ரா பகுதியைத் திறந்து 800-ஐ 200 ஆக்கலாம், 6400-ஐ 2000 ஆக்கலாம். ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்ட முடியாது. 1000-இல் எடுத்த காட்சியை 1250 ஆக்க வழியில்லை, ஏனென்றால் எந்தப் பாதையில் சென்சார் படிக்கப்பட்டது என்பது பதிவின்போதே முடிந்துபோன விஷயம். ராவில் எடுத்தால் ஐஎஸ்ஓ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ராவில் படமெடுப்பவருக்கு உண்மையில் இருப்பவை இரண்டே ஐஎஸ்ஓக்கள்தான். மற்றவையெல்லாம் எக்ஸ்போஷரை (சென்சாருக்குக் கொடுக்கும் ஒளியின் அளவை) எங்கே வைப்பது என்பதற்கான வழிகாட்டி எண்கள்.

இந்த இடத்தில் நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் எல்லாப் பழியையும் சர்க்யூட்டின் மேல் போடுவது நியாயமில்லை. ஒளி, துகள்களாக வந்து விழுகிறது. அந்த வருகையிலேயே ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 10, அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு சதவீதம் மட்டுமே. எவ்வளவு விலையுயர்ந்த சென்சாரானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இரண்டாவது பெருக்க நிலை குறைப்பது சர்க்யூட்டின் நாய்ஸை மட்டுமே. ஒளியே போதாமல் வருகிற நாய்ஸை அது தொடாது. இந்தச் சென்சாரின் பரப்பு, 35 மி.மீ. ஃபோட்டோ ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால், ஒரே காட்சிக் கோணத்துக்கும் ஒரே எஃப் எண்ணுக்கும் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் குறைவான ஒளிதான் மொத்தத்தில் சேர்கிறது. ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டு ஏமாற்றமடைகிறவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கேமராவுக்கு நான் பரிந்துரைப்பது, வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து எடுப்பது. விளக்கு அமைக்க முடிந்த இடத்தில், 400-க்குப் பதிலாக 200 என்று வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கு ஏற்ற எக்ஸ்போஷர் கொடுத்தால், சென்சாருக்கு இரண்டு மடங்கு ஒளி போகும். நிழல் பகுதி கண்ணாடி போலத் தெளியும். இதற்கு விலையாக ஹைலைட்டில் ஒரு ஸ்டாப் போகும். இருட்டான இடத்தில் 3200-க்குப் பதிலாக 1600 என்று வைத்துக்கொண்டு, லென்ஸைத் திறந்தோ விளக்கை நெருக்கமாக வைத்தோ அதற்குரிய ஒளியைச் சேர்த்தால் இதே பலன் கிடைக்கும். 6400-க்கு மேலே போக வேண்டிய நிலை வந்தால், கேமராவில் ஏற்றுவதைவிட ஒரு சிறு எல்இடி பேனலை எடுத்துக்கொண்டு வருவதே மேல். 12,800-உம் 25,600-உம் பட்டியலில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தாராளமாகக் கொடுக்கிறோமா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஐந்து அங்குலத் திரை அழகானது, பெரியது. ஆனால் இருட்டறையில் கண் விரிந்திருக்கும்போது அது உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரியும். அதை நம்பி ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டு, எடிட்டிங் மேசையில் தூக்கிவிடும்போதுதான் நாய்ஸ் வெடித்துக் கிளம்பும். ஃபால்ஸ் கலர் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. அதை இயக்கினால் நடுச்சாம்பல் அளவில் இருக்கும் பகுதி பச்சையாகவும், அதற்கு ஒரு ஸ்டாப் மேலே இருப்பது இளஞ்சிவப்பாகவும், கைவிட்டுப் போன ஹைலைட் சிவப்பாகவும் காட்டப்படும். முகத்தை இளஞ்சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வது வெளிர் நிறத் தோலுக்கு. நம்மவர்களின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் முகத்தின் ஒளிபட்ட பக்கம் பச்சையை ஒட்டி அமைந்தால் பொருத்தமாக இருக்கும். நாய்ஸுக்குப் பயந்து அதையும் இளஞ்சிவப்பு வரை தள்ளிவிட்டு எடிட்டிங்கில் இறக்கிக்கொள்வதும் ஒரு வழி. அப்படிச் செய்தால் எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஷாட்டுக்கு ஷாட் நாய்ஸின் தன்மை மாறி உறுத்தும்.

திரையைப் பற்றி இன்னொரு விஷயம். டைனமிக் ரேஞ்சை ஃபிலிம் என்று வைத்தால் படம் வெளிறி, கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். அந்த நிலையில் படத்தைப் பெரிதாக்கி நாய்ஸ் இருக்கிறது என்று பதறுவதில் பொருளில்லை, ஏனெனில் இப்படி வெளிறிப் பதிவாகும் லாக் படம் நிழலை வேண்டுமென்றே தூக்கிக் காட்டுகிறது. லட் (நிறத்தை மாற்றிக் காட்டும் அட்டவணை) போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, கறுப்பு தன் இடத்துக்கு இறங்கிய பிறகும் தெரிகிற நாய்ஸ்தான் பார்வையாளர் காணப்போகிற நாய்ஸ். அதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுபோல லாக் கோப்பில் நிழலை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக் கேமராவை விற்றுவிட்டவர்கள் உண்டு.

விளக்கின் நிறத்துக்கும் நாய்ஸுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. அகல் விளக்கு, டங்ஸ்டன் பல்பு, தெருவின் சோடியம் விளக்கு ஆகியவற்றின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினிலோ அதற்குக் கீழேயோ வைத்து வெள்ளைச் சட்டையை வெள்ளையாக்க முயலும்போது, பட்டினி கிடக்கிற நீலச் சேனலைத்தான் மற்ற இரண்டுக்கும் சமமாகப் பெருக்குகிறோம். சிக்னல் இல்லாத சேனலைப் பெருக்கினால் நாய்ஸ்தான் பெருகும். மேலே சொன்ன பட்டு மடிப்பில் நீலப் புள்ளிகள் அதிகமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கோயில் மண்டபத்திலோ விளக்கு பூஜையிலோ எடுக்கும்போது 4000 கெல்வினுக்குச் சற்று மேலே வைத்துப் பொன்னிறத்தை அப்படியே விட்டுவிட்டால், படமும் இடத்துக்கு உண்மையாக இருக்கும், நீலப் புள்ளிகளும் அடங்கும். விளக்கொளியை வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஒளியைச் சேர்க்கும் மற்ற வழிகளில் லென்ஸ்தான் பெரியது. எஃப் 4 ஜூம் லென்ஸோடு இந்தக் கேமராவை இரவு நேரத்தில் கொண்டுபோவது வீண். எஃப் 1.7 அளவிலான சாதாரண மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்று, ஏறத்தாழ இரண்டரை ஸ்டாப் அதிகமாகத் தரும். அதாவது 3200-இல் நிற்க முடியாமல் 16,000-க்கு மேல் ஏற வேண்டிய இடத்தில் 3200-இலேயே நிற்கலாம். கேனான் இஎஃப் லென்ஸ்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மெட்டாபோன்ஸ் நிறுவனம் இந்தக் கேமராவுக்கென்றே, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 0.64 மடங்கு ஸ்பீட் பூஸ்டர் ஒன்றைத் தயாரித்தது. அது காட்சிக் கோணத்தை அகலமாக்குவதோடு ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலாக ஒளியையும் கூட்டுகிறது. விலை அதிகம்தான். ஆனாலும் நாய்ஸை எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாகக் குறைக்காது.

ஷட்டரில் விளையாட அதிக இடமில்லை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃபிரேமின் நேரத்தில் பாதி திறந்திருப்பது) என்று வைத்தால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கிடைக்கும், விளக்குகள் துடிக்காது. 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்பவர்கள் 172.8 டிகிரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மெனுவில் மின்சார அதிர்வெண்ணை 50 என்று குறித்துவிட்டால் கேமராவே துடிப்பில்லாத அளவுகளை முன்வைக்கும். அசையாத ஷாட்டுகளில் 360 டிகிரி வரை திறந்து ஒரு ஸ்டாப் சம்பாதிக்கலாம். யாராவது கையை அசைத்தால் இழுபட்டுத் தெரியும், அதனால் கட்டடம், நிலக்காட்சி போன்றவற்றுக்கு மட்டும்.

பகல் வெளிச்சத்தில் நாய்ஸ் பிரச்சினையே இராது என்று நினைக்க வேண்டாம். வெயிலில் படம் வெளுக்கிறது என்று ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. திரையில் படம் சரியாகிவிடும், ஆனால் சென்சாருக்குப் போகிற ஒளி குறைவதில்லை, மேகமும் வெள்ளை வேட்டியும் வெந்துபோவதும் நிற்பதில்லை. இன்னொரு சாரார் ஷட்டரை ஏற்றி அசைவைத் துண்டு துண்டாக்கிவிடுகிறார்கள். சரியான தீர்வு என்டி ஃபில்டர்தான். கணக்கு கடினமல்ல: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, நொடியில் 400-இல் ஒரு பங்கு ஷட்டர் என்றால் எஃப் 16 வேண்டும், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்பதால் மூன்று ஸ்டாப் அதிக ஒளி உள்ளே வரும், எஃப் 4-க்குத் திறக்க வேண்டுமானால் மேலும் நான்கு. மொத்தம் ஏழு ஸ்டாப், அதாவது என்டி 2.1. இவ்வளவு அடர்த்தியான ஃபில்டர் வாங்கும்போது அகச்சிவப்பையும் தடுக்கிற வகையாகப் பார்த்து வாங்காவிட்டால் கறுப்புத் துணிகள் பழுப்பேறித் தெரியும். ஃபில்டரை மாட்டியபடியே மாலையில் நிழலுக்குள் நுழைந்து, அதைக் கழற்றாமல் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போவதும் களத்தில் அடிக்கடி நடப்பதுதான். உள்ளமைந்த என்டி இருந்திருந்தால் இந்தத் தொல்லை குறைந்திருக்கும். இதே வரிசையில் 2021-இல் வந்த பாக்கெட் 6கே புரோவில் அதைச் சேர்த்தார்கள்.

இனி, எடுத்து முடித்த படத்தில் நாய்ஸ் இருந்தால் என்ன செய்வது என்பது. இந்தக் கேமரா நிழலை வழித்துத் துடைத்துத் தருகிற வகையல்ல. கைபேசியும் பல மிரர்லெஸ் கேமராக்களும் நாய்ஸை உள்ளேயே தேய்த்துவிட்டுத் தோலை மெழுகாக்கித் தருகின்றன. இங்கே ராவில் வருவது ஏறத்தாழ சென்சார் பார்த்தபடியே வருகிறது. துடைக்கும் வேலை நம்முடையது, அதற்கான கருவியும் பெட்டியிலேயே வருகிறது: புதிய கேமராவோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவின் உரிமக் குறியீடு சேர்ந்து கிடைக்கும். இலவச ரிசால்வில் நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லை, ஸ்டுடியோவில்தான் உண்டு என்பதால் இது சிறிய சலுகையல்ல.

அதில் டெம்போரல், ஸ்பேஷியல் என்று இரண்டு வகை இருக்கின்றன. டெம்போரல் முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறாமல் இருக்க வேண்டிய இடத்தில் மாறுகிற புள்ளிகளைக் கழிக்கிறது. ஸ்பேஷியல் ஒரே ஃபிரேமுக்குள் அக்கம்பக்கத்தைப் பார்த்து மழுங்கடிக்கிறது. முதலில் டெம்போரலைப் பயன்படுத்தி, முன்பின் இரண்டு ஃபிரேம்கள் என்று தொடங்கி, லூமாவையும் (ஒளி அளவு) குரோமாவையும் (நிறம்) பிணைத்திருக்கிற கண்ணியை அவிழ்த்துவிட்டு, குரோமாவை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். கண்ணை உறுத்துவது நிறப்புள்ளிதான். அது போய்விட்டால் மீதியிருக்கும் சாம்பல் துகள் ஃபிலிம் போலவே தோன்றும், பல சமயம் அதை விட்டுவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் ஸ்பேஷியலைக் கொஞ்சம் சேர்க்கலாம். புருவமும் தாடியும் மழுங்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். ரிசால்வில் திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் நோடு வரிசையில் இந்த வேலை முதலில் வர வேண்டும். நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிய பிறகு துடைத்தால், பெருத்துப்போன புள்ளிகளை அதற்குப் படத்திலிருந்து பிரித்தறியத் தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணமானதாக இருந்தால் கணினி முனகும், அதற்கு வேறு மருந்தில்லை.

4கேயில் எடுத்து 1080-க்குச் சுருக்கி வெளியிடுவதும் ஒரு சிகிச்சை. நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேரும்போது தற்செயல் நாய்ஸ் பாதியாகிவிடும். எதிர்த்திசையில், ராவில் 12:1 போன்ற அதிகச் சுருக்கத்தை இருட்டுக் காட்சிக்குத் தேர்ந்தால், நாய்ஸும் நுண்விவரமும் ஒன்றோடொன்று குழைந்து, பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாத கூழாகிவிடும். இரவுக் காட்சிக்கு 5:1 அல்லது 3:1 வையுங்கள். இடத்தை மிச்சப்படுத்துவதற்கு வேறு காட்சிகள் இருக்கின்றன.

படம் முழுக்கக் கொதிக்கிற புள்ளி வேறு, ஒரே இடத்தில் அசையாமல் எரிகிற வெள்ளைப் புள்ளி வேறு. பின்னது ஹாட் பிக்சல், சென்சார் சூடேறும்போது அதிகம் தெரியும். லென்ஸை மூடிவிட்டு, 400, 1000, 1250, 3200, 6400 ஆகிய ஐந்திலும் சில நொடிகள் பதிவு செய்து, ரிசால்வில் காமாவை (நடுத்தர ஒளி அளவை) தூக்கிப் பார்த்தால் இரண்டையும் எளிதில் பிரித்துவிடலாம். எரிகிற புள்ளிக்கு மெனுவிலேயே பிக்சல் ரீமேப் இருக்கிறது. கேமராவைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு, லென்ஸ் மூடியோடு அதை இயக்க வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் அது ஒளி போதாத நிழலைத் தூக்கியதன் விளைவு. எடுக்கும்போதே வெளிச்சம் கொடுத்திருக்க வேண்டும்.

இரட்டை அடிப்படை ஐஎஸ்ஓ இந்தக் கேமராவின் கண்டுபிடிப்பல்ல. பானசோனிக் 2014-இல் அறிமுகப்படுத்திய வரிகேம் 35-இல் 800, 5000 என்று அது இருந்தது. 2018-இல் ஜிஎச்5எஸ்-இல் வந்தது. சோனி ஏ7எஸ் 3-இல் எஸ்-லாக்3 என்ற லாக் வடிவத்துக்கு 640, 12,800 என்ற இரண்டு அடிப்படைகள். அதில் 8000, 10,000 என்று நிற்பவர்கள், நம் பாக்கெட்டில் 1000-இல் நிற்பவர்களைப் போலவே 12,800-க்குத் தாவிவிடுவது நல்லது. வெளிச்சம் அறவே இல்லாத இடத்தில் ஏ7எஸ் 3-ஐ பாக்கெட்டால் நெருங்க முடியாது, விலையும் அந்த வித்தியாசத்தைக் காட்டும். சோனி ஏ7 3 வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை: எஸ்-லாக்3-இல் 800-க்குக் கீழே இறங்க முடியாது, அதன் உள்பதிவு 8 பிட் என்பதால் நிழலைத் தூக்கினால் நாய்ஸோடு நிறப் பட்டையும் விழும். அவர்கள் இருட்டில் லாக்கை விட்டுவிட்டுச் சாதாரண புரொஃபைலில் எடுப்பதே நல்லது. ஆட்டோ ஐஎஸ்ஓ உள்ள எந்தக் கேமராவானாலும் வீடியோவுக்கு அதை அணைத்துவிட வேண்டும், அல்லது உச்ச வரம்பாவது விதிக்க வேண்டும். மேடை விளக்கு மாறும்போதெல்லாம் நாய்ஸ் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காது.

முகூர்த்த நேரத்தில் ஓடி ஓடி எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேமராவைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு ஆட்டோஃபோகஸும் ஆட்டம் தணிப்பும் வேண்டும், மறுநாளே கொடுக்க வேண்டிய படத்தில் நோடு போட நேரமில்லை. விளக்கு அமைத்து, முக்காலியில் நிறுத்தி, பிறகு உட்கார்ந்து கிரேடிங் செய்யப் பொறுமை உள்ள குறும்படக்காரர்களுக்கும் ஆவணப்பட மாணவர்களுக்கும் இன்றும் இது நல்ல பேரம்தான். 400, 3200 என்ற இரண்டு எண்களையும் 1000-க்கும் 1250-க்கும் நடுவே உள்ள கோட்டையும் மறக்காமல் இருந்தால் போதும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் லென்ஸ் மூடிப் பரிசோதனையைக் கடையிலேயே செய்து பாருங்கள். ரிசால்வ் ஸ்டுடியோ உரிமக் குறியீடு பயன்படுத்தப்படாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் உரிமையாளர் அதைப் பதிவு செய்து முடித்திருப்பார். அப்படியானால் தனியாக வாங்க 295 டாலர் ஆகும், பேரம் பேசும்போது அந்தத் தொகையையும் கழித்துக் கேளுங்கள்.